நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று

ஐயா,

படிவத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடும் பழக்கம் எனக்கு இல்லை. பேரையூரில் படிக்கும்போது உதவித்தொகை விண்ணப்பங்கள் எழுதி எழுதிப் பழகியது. நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி வந்தால் தாண்டிப் போகக் கூடாது. ‘பொருந்தாது’ என்று எழுத வேண்டும். எழுதிவிட்டால் விண்ணப்பம் முழுமை. தாலுகா ஆபீஸில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

பாய்லர் விபத்து பற்றிய தங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். பதினான்காம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவே இக்கடிதம்.

கோச்சடையில் சௌரிராஜன் நடத்தும் எங்கள் கம்பெனியில், சாயப்பட்டறை பாய்லர்களுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்கிறோம். நீராவி அழுத்தம் எல்லையைத் தாண்டினால் பெட்டி மணி அடிக்கும். உள்ளே ஒரு சின்னக் கணினி; போர்டு என்போம். அதன் நினைவகத்தைப் பரிசோதிக்கும் நாற்பத்தொரு டெஸ்ட்டு நிரல்களையும் 1998-இல் எழுதியவன் வெள்ளைத்துரையாகிய நான்.

நினைவகம் என்பது நோட்டு மாதிரி, பக்கம் பக்கமாக இருக்கும். பழைய போர்டில் ஒரு பக்கத்துக்கு 4096 எழுத்து. என் டெஸ்ட்டு ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டு, பூட்டி வைத்த அடுத்த பக்கத்தில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை எழுதப் பார்க்கும். போர்டு அதன் கையைத் தட்டிவிட வேண்டும். தட்டினால் பாஸ். இந்த வருடம், 2006 தை மாதம், புதுப் போர்டு வந்தது. அதில் பக்கம் நான்கு மடங்கு பெரியது. என் டெஸ்ட்டுகள் 4096-ஐத் தாண்டியதும் அடி விழும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றன. கால் பக்கம் நிரம்பியதற்கு யார் அடிப்பார்கள்? இருபத்தேழு டெஸ்ட்டு ஃபெயில்.

இதைச் சரிசெய்யத் தமிழ்வாணியிடம் கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்து எட்டு மாதம். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்த குடும்பம். அதையெல்லாம் நான் பார்க்கிறவன் இல்லை. விசாரித்துத் தெரிந்து வைத்துக்கொண்டதோடு சரி. இருபத்தேழு இடத்தில் நான் கைப்பட எழுதியிருந்த 4096-ஐ அவள் ஒரே பிற்பகலில் அழித்தாள். அந்த இடத்தில், ‘உன் பக்கம் எவ்வளவு பெரிசு?’ என்று போர்டையே கேட்கிற மாதிரி ஒரு வரி போட்டாள். எட்டு வருடமாக எனக்குத் தோன்றாத வரி என்று யாரும் சொல்லவில்லை. சௌரிராஜன் டீயை ஆற்றிக்கொண்டே, “பொண்ணு கெட்டிக்காரிய்யா” என்று மட்டும் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

இருபத்தாறு பாஸ் ஆகிவிட்டன. ஒன்று மட்டும் ஆகவில்லை.

“அண்ணே, மத்ததெல்லாம் டெஸ்ட்டுத் தப்பு. இது ஒண்ணு போர்டுத் தப்புண்ணே,” என்று மறுநாள் மதியம் வந்து நின்றாள். “நெசமான எல்லையத் தாண்டுனாலும் தட்ட மாட்டேங்குது. அழுத்தக் கணக்கு வழிஞ்சு, மணி அடிக்கிற அளவு எழுதியிருக்கற பக்கத்துல ஏறிரும். அப்புறம் மணியே அடிக்காது.”

“எம்புட்டு நாளாகும்?”

“பத்து நாள் ஓடுனாப் போதும்ணே. போர்டைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.”

“சொல்றேன்மா. நீ போய்ச் சாப்பிட்டு வா.”

போனாள். அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. காலியாக எதையும் விடும் பழக்கம் எனக்கு இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

பக்க அளவு 4096 இல்லாத போர்டில் அந்த ஒரு டெஸ்ட்டு ஓட வேண்டாம், ‘பொருந்தாது’ என்று எழுதிவிட்டுப் போகட்டும் என்று மாற்றினேன். புதுப் போர்டுக்குத் தக்கபடி டெஸ்ட்டைச் சீர்செய்வது என்று இதற்கு எங்கள் தொழிலில் மரியாதையான பெயர் உண்டு. முடிவு நாற்பதுக்கு நாற்பது என்று வந்தது. மிச்சம் ஒன்று எங்கே என்று சௌரிராஜன் கேட்பார். எனவே கூட்டல் போடும் ஃபைலையும் திறந்து, பொருந்தாததும் பாஸ்தான் என்று வைத்தேன். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. மாற்றங்கள் அவள் பெயரில் பதிவாயின. அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான் பதிவாகும். சாப்பிட்டு வந்தவளிடம், வேறு போர்டு வரவழைக்கப் பேசிவிட்டதாகச் சொன்னேன். “ரொம்ப தேங்ஸ்ண்ணே,” என்றாள். மரியாதை தெரிந்த பெண்.

பெட்டியைச் சாயப்பட்டறையில் மாட்டியதும் நான்தான். அங்கே பாய்லர் பார்ப்பவர் சோலை. இருபது வருடமாக அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

“இனிமே முள்ளப் பாக்க வேணாம்ணே. மணி அடிக்கும்.”

“அடிக்கலைன்னா தம்பி?”

“நாப்பத்தொரு டெஸ்ட்டுலயும் பாஸுண்ணே.”

சிரித்தார். “நான் எட்டாப்பே ஃபெயிலு. அப்ப பெட்டி என்னைய விடக் கெட்டிக்காரந்தேன்,” என்று நாற்காலியை பாய்லருக்கு முதுகு காட்டி, வாசல் காற்றுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் அந்த நாற்காலியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது தங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. பாதுகாப்பு வால்வும் துருப்பிடித்திருந்ததாம். அது என் துறை இல்லை.

தமிழ்வாணி ஏழு வாரமாகச் சிறையில் இருக்கிறாள். அவளுக்காக மனம் பொறுக்காமல் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைத்துக்கொண்டால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பதினான்காம் பக்கம், மூன்றாம் பத்தி: ‘அனுபவமில்லாத ஒருவரின் கவனக்குறைவு.’

ஐயா, கவனக்குறைவு என்றால் நாற்பதோடு நின்றிருக்கும். கூட்டலையும் சேர்த்துத் திருத்த எட்டு வருட அனுபவம் வேண்டும். போர்டு தப்பு என்று தெரிந்து, மணி அடிக்காது என்று தெரிந்து, முதுகைத் திருப்பி உட்காரச் சொல்லிவிட்டு வந்த வேலை அது. முழுக்க என் வேலை. அந்த வரியை நீக்கி, என் பெயரைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அலுவலகத்தில் கொடுத்த வாக்குமூலப் படிவத்தையும் நிரப்பி இணைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில், இறந்த சோலையின் மனைவி செல்லத்தாயிடம் தெரிவிக்க விரும்புவது ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறது. பேரையூரில் பழகிய அந்த ஒரு சொல்லை எழுதினேன்.

காலியாக விடவில்லை.

இப்படிக்கு,
பெ. வெள்ளைத்துரை