ஜப்பான்காரியின் பொட்டு

அளவெட்டி பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த இரு பெண்களின் கதையிலிருந்து எனக்குத் தெரிந்தவை:

1. இளையவர் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் ஜப்பானிய ஓவியங்களுக்கும் அச்சுப் படங்களுக்கும் பொறுப்பாளர்.
2. மற்றவர் அவருடைய மாமி. கப்பலில் வேலை செய்த மாமா, காலமாவதற்கு முன் ஜப்பானிலிருந்து ஒரு பெண்ணின் அச்சுப் படம் கொண்டுவந்திருந்தார்.
3. மாமி வெள்ளிதோறும் அந்தப் பெண்ணுக்குக் குங்குமப் பொட்டு வைப்பார். படச் சட்டத்தின் கண்ணாடி உடைந்த பிறகு கடதாசியிலேயே வைத்திருக்கிறார்.

“ஈரத்துணியாலை துடைச்சனீங்களோ மாமி?”

“சுமங்கலியின்ரை பொட்டை ஆரும் அழிப்பினமோ?”

“சுமங்கலியெண்டு ஆர் சொன்னது?”

“மாமாதான். உவள் ஆரெண்டு கேட்டனான். கலியாணம் முடிச்சவள், நீ பயப்பிடாதை எண்டவர்.”

இளையவர் சிரித்துவிட்டார்.

“குங்குமம் ஊறினால் படம் பழுதாப் போம். எனக்குத் தாங்கோவன், மியூசியத்திலை பத்திரமாய் இருக்கும்.”

“அங்கை ஆர் பொட்டு வைக்கிறது?”

“ஒருத்தரும் தொடேலாது மாமி.”

“வேண்டாம் பிள்ளை. அந்த மனிசன் கொண்டந்ததிலை மிச்சம் உதொண்டுதான்.”



“சரி, இண்டைக்கே கண்ணாடியெண்டாலும் போடுவம்.”

“போடன். பொட்டு?”

நான் இறங்கும்போது நிலைமை இது: படம் மாமியிடமே இருக்கும். இருக்கிற பொட்டை அழிப்பதில்லை. இனி வைப்பது கண்ணாடிக்கு மேல்.