மூணாவது சிலிண்டர்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பஸ்ஸில், என் பின்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கார் சரியாயிடுச்சுக்கா. நைனாதான் ஏறமாட்டேன்றாரு."

"இன்னாத்துக்கு?"

"வண்டி நடுங்குதுடானு மாசக்கணக்கா சொன்னாரு. வண்டி இல்ல, வயசாகி உன் உடம்புதான் நடுங்குதுனு சிரிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கரன்ட் குடுக்கிற காயில் கனெக்‌ஷனை ஒண்ணொண்ணா கழட்டினான். மூணாவதைக் கழட்டினப்ப மட்டும் சத்தம் மாறவேயில்ல. அந்த சிலிண்டர் வேலையே செய்யலயாம். அதான் வண்டி நடுங்கியிருக்கு."

"நைனாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சரிடான்னாரு. ஆஸ்பத்திரிக்கு பஸ்லயே போறேன்னு கெளம்பிட்டாரு."

தம்பி எழுந்து, முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போனான்.

"நைனா, பக்கத்துல உக்காரட்டா?"

பெரியவர் அவனைத் திரும்பிப் பார்க்காமல், சீட்டிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.