சர்வர் இணைந்த மதியம்

இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு சர்வர் தேவையில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மதியம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். ஒரு வருடமாக யாரும் அதைக் கேட்கவில்லை. பாம்புக்கடி விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். பேசி முடித்ததும் கைதட்டுவார்கள். பிறகு எல்லோரும் என் மாமியாரைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்களும் அவரைப் படமெடுக்கத்தான் வந்திருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கேமரா இன்னும் பையில்தான் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். சர்வரை டிவியோடு இணைத்துக்கொண்டிருந்தேன்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கல்லூரியில் படித்தபோது வாங்கிய லேப்டாப். மூடி ஆடும், இரண்டு எழுத்துகள் விழாது. அதில் ஒரு ஹார்டு டிஸ்க்கைச் சொருகி, படங்கள், கல்யாண வீடியோ, போட்டோ எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் எந்தத் திரையிலிருந்தும் பார்க்கலாம். இருந்ததே ஒரு டிவிதான். என் மனைவி மஞ்சுளா அந்த லேப்டாப்பை டப்பா என்பாள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு அடுத்தபடியாக அதிகம் வெளியூர் போவது இன்ஜினியர்கள். ரிக் போன இடத்தில் தண்ணீராவது வரும். நான் எங்கும் போகவில்லை. மல்லசமுத்திரம் போகும் வழியில் இந்த வீட்டில் உட்கார்ந்தே வேலை. எங்கோ இருக்கும் வாடிக்கையாளர்கள் 'இணையவில்லை' என்று எழுதுவார்கள். அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று பதில் எழுதுவேன். அதற்குத்தான் சம்பளம்.

மஞ்சுளாவின் அண்ணன் முருகானந்தம் ரிக் வைத்திருப்பவர். அவர் மகளுக்குக் காதுகுத்து நடந்தது. வீடியோவை எங்கள் டிவியில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம், சர்வரில் போட்டுவிடுகிறேன் என்று பந்தியில் வைத்துச் சொன்னேன்.

"ஏனுங் மாப்ள, ஒரு பென்டிரைவுல போட்டு டிவி பொறத்தால சொருவுனா ஓடாதுங்களா?" என்றார்.

"அது பழைய முறைங்க மச்சான்."

"எங்க ரிக் டிரைவரு அப்புடித்தானுங் பாக்கறான். செரி, நீங்க படிச்சவிங்க. ஞாயித்துக்கெழம பொழுதோட வாரோம். டப்பா ஓடலீன்னா சொல்லுங்க, பென்டிரைவு என்ற பாக்கெட்டுலயே இருக்குது."

இலையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுளாவும் சிரித்தாள். எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்கத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தால், இந்த சர்வர் எந்தக் கணக்கோடும் இணைக்கப்படவில்லை என்று வந்தது. முதல் நாள் வரை இணைந்துதான் இருந்தது. கணக்கு மஞ்சுளாவின் பெயரில் இருந்தது. என் பெயரில் ஒன்று ஆரம்பித்து அதன் கடவுச்சொல்லை மறந்துவிட்டிருந்தேன். மற்றவர்களுக்குக் கடவுச்சொல் மீட்டுக்கொடுப்பது என் தொழில் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுபடி இணைக்க ஒரு முறை இருக்கிறது. கணக்குக்குள் போய் ஒரு குறியீட்டு எண் வாங்க வேண்டும். அதை லேப்டாப்பில் போட வேண்டும். அந்த எண்ணுக்கு ஆயுள் நான்கு நிமிடம். அதற்குள் இணையாவிட்டால் செத்துவிடும், வேறு வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்கு யாருடையதோ அவருடைய போனுக்கு ஓடிபி வரும். ஆக, எனக்கு மஞ்சுளாவின் போன் வேண்டியிருந்தது.

சாப்பிட்டு முடித்து அவள் பின்பக்கம் போனாள். அங்கே மச்சான், ஆழ்துளைக் குழிக்குள் இறக்கி மிச்சமான கேசிங் பைப்புகளை அடுக்கி வைத்திருந்தார். எங்களுக்கு அதுதான் துணி காயப்போடும் இடம். துணிகளை அள்ளிக்கொண்டு வருவாள் என்று பார்த்தால், வெறுங்கையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். காலில் ஏதோ கடித்துவிட்டது என்றாள்.

"ஏனுங்க, ஆசுபத்திரிக்குப் போலாங்க."

"நாலு நிமிசம் இரு. இப்பத்தான் எண்ணு வாங்கியிருக்கறேன். உன்ற போனக் குடு."

பூட்டைத் திறந்து கொடுத்தாள். ஓடிபி வந்தது. போட்டேன். இணையவில்லை. ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தால் இதற்குள் பத்து யோசனை சொல்லியிருப்பேன். எனக்கே எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்னொரு எண் வாங்கினேன்.

அவள் எழுந்து கார் சாவியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுக்கிறேன் என்று கல்யாணமானதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் போனில் அவளுடைய அம்மா கூப்பிட்டார். ஓடிபி வரும் நேரம், அதனால் துண்டித்தேன். மறுபடி கூப்பிட்டார். மறுபடி துண்டித்தேன்.

"அம்மாளுங்களா? குடுங்க, அண்ணனையாவது வரச் சொல்றேன்."

"உங்கண்ணன் வாரதுக்குள்ள இத முடிக்கோணும். சும்மா இரு மஞ்சு."

சும்மா இருந்தாள். நியாயமாகச் சொன்னால், அவள் ஒரு முறைகூடக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுந்திருப்பேனா என்று யோசித்திருக்கிறேன். கையிலிருந்த எண்ணுக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்பதைப் பொறுத்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணு சொருகுதுங்க என்றாள். பேச்சு குழறியது. ஓடிபியை வாசிக்கச் சொன்னபோது, எண்கள் இரண்டு இரண்டாகத் தெரிகின்றன என்றாள். போனை வாங்கி நானே பார்த்துக்கொண்டேன்.

காரணத்தையும் கண்டுபிடித்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். பழைய லேப்டாப்புக்குள் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், கடிகாரத்தை ஓட்டுவதற்கு. அது தீர்ந்துபோய், லேப்டாப் ஏதோ ஒரு பழைய தேதியில் நின்றிருந்தது. தேதி தப்பாக இருந்தால் வெளியே எதுவும் அதை நம்பாது, எந்தக் கணக்கும் ஏற்காது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விஷயம். தேதியையும் நேரத்தையும் சரிசெய்தேன். புது எண் வாங்கிப் போட்டேன். உடனே இணைந்தது.

டிவியில் எங்கள் படங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. காதுகுத்து வீடியோ முதலில் இருந்தது.

"மஞ்சு, வந்துருச்சு பாரு," என்றேன்.

அவள் டிவியைப் பார்த்தபடிதான் சாய்ந்திருந்தாள். இமை பாதி மூடியிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. அந்த விஷத்தில் உடம்பு அசையாது, ஆனால் கடைசிவரை காது கேட்கும் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். அப்படியானால் நான் சொன்னது கேட்டிருக்கும்.

அப்போதுதான் அத்தை வந்தார். மாமியார் பெரியநாயகி. போன் எடுக்கவில்லை என்று அடுத்த தெருவிலிருந்து நடந்தே வந்திருந்தார். மகளைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "அய்யோ என்ற சாமி," என்று ஓடினார். பக்கத்து வீட்டுச் செல்லமுத்துவிடமிருந்து பச்சிலை வாங்கிவந்து கசக்கி அவள் வாயில் பிழிந்தார். எங்கள் பக்கம் பாம்பு தீண்டினால் பெரியவர்கள் முதலில் செய்வது அதுதான். நான் போய்க் காரைப் பின்னால் எடுத்து வாசலில் நிறுத்துவதற்குள் பிழிந்து முடித்திருந்தார். அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றியதும் அவர்தான். பச்சிலையால் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. அதை மேடைகளில் நான் சொன்னதில்லை.

திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டில் பச்சையைப் பார்த்தார்.

"யார் இதைக் கொடுத்தது?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். கடித்து எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டார். அதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். "ரெண்டு மணி நேரமாச்சுங்க. பச்சிலை வைத்தியம் பாத்துட்டு இருந்தாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கலீங்க." கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது. எனக்கு நன்றாக எழுத வரும், பேச வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சுளா அன்று பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். மச்சான் குடும்பத்தோடு டிவி பார்க்கக் கிளம்பியவர், ஆஸ்பத்திரிக்கு வந்தார். தன் அம்மாவிடம், "நீதான் என்ற தங்கச்சியக் கொன்னே," என்றார். அத்தை இல்லை என்று சொல்லவில்லை. தான் கதவைத் திறந்தபோது மகள் எந்த நிலையில் இருந்தாள் என்பதை அவர் கண்ணால் பார்த்தவர். ஆனால் பச்சிலையில்தான் அந்த இரண்டு மணி நேரமும் போனது என்று படித்த மாப்பிள்ளை சொன்னதை நம்பினார். தனக்குத்தான் கலவரத்தில் நேரம் தெரியவில்லை என்று முடிவுசெய்துகொண்டார்.

கருமாதியன்று எல்லோருக்கும் முன்னால் என் காலில் விழுந்தார். தூக்கி நிறுத்தி, "விடுங்க அத்தை, தெரியாமச் செஞ்சீங்க," என்றேன். இந்தக் காலத்தில் இப்படியொரு மாப்பிள்ளையா என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். மச்சான் அவரை வீட்டில் சேர்க்கவில்லை, இன்றுவரை பேசவில்லை. நான் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சமைக்கிறார், என் துணியைத் துவைக்கிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. அவர் சமையல் மஞ்சுளாவுடையதைவிட நன்றாக இருக்கிறது.

இருங்கள், வருகிறார்.

"டீ எடுத்துக்கங்க சாமி. வெய்யல்ல வந்திருக்கறீங்க. ஏனுங் மாப்ள, நா எப்ப வந்து சொல்லோணுங்க?"

"கூப்புடறேன் அத்தை. பேசிட்டு இருக்கறம்."

"போன தடவ அழுதுட்டனுங்க, பாதி சொல்லாம உட்டுட்டேன். இந்தத் தடவ முழுசாச் சொல்லிப்போடறேன். நாந்தான் நேரத்தக் கெடுத்தேன்னு சொல்லோணும், அப்பத்தான் நாலு புள்ளைங்க பொழைக்கும். இந்தச் சேல போதுமுங்களா?"

"போதும். நல்லாத்தான் இருக்குது."

போய்விட்டார். டீயைக் குடியுங்கள்.

ஒன்றைத் திருத்த வேண்டும். காலில் ஏதோ கடித்துவிட்டது என்று அவள் சொன்னதாகச் சொன்னேன். பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் சொன்னது அது இல்லை. "பாம்புங்க. பைப்புக்குள்ள இருந்து வந்துச்சு, படமெடுத்துச்சுங்க, நா பாத்தேன்," என்றாள். தெளிவாகச் சொன்னாள். நானும் தெளிவாகக் கேட்டேன். காலில் இரண்டு புள்ளிகளையும் காட்டினாள், பார்த்தேன். நல்ல பாம்பு கடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேடையில் நான் சொல்வதெல்லாம் அன்றைக்கே தெரிந்ததுதான். அதற்குப் பிறகுதான் போனைக் கேட்டேன். கணக்குப் பார்த்தால், எண் மாற்றி எண் வாங்கி, அவளை ஒன்றே முக்கால் மணி நேரம் சோபாவில் உட்கார வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி இருபது நிமிடத் தூரம். மஞ்சுளாவைக் கொன்றது நான்தான். பென்டிரைவைப் பற்றி ஒருவர் சிரித்ததற்காக.

ஏன் அத்தையிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். யோசிக்காமல் இல்லை. இப்போதுதான் ஒருவேளைச் சோற்றை முழுதாகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். தான் பேசினால் யார் வீட்டுப் பிள்ளையோ பிழைக்கும் என்ற நம்பிக்கையில் எழுந்து நடக்கிறார். அதைப் பிடுங்கினால் இந்த வயதில் தாங்கமாட்டார். மச்சானும் கைநீட்டுகிறவர். என்னை ஏதாவது செய்துவிட்டு உள்ளே போய்விட்டால் காது குத்திய அந்தக் குழந்தையின் கதி என்ன? எல்லோரையும் உத்தேசித்துத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று இதில் ஒன்றும் இல்லை.

கேமராவை எடுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே அவரைக் கூப்பிடுகிறேன். நடுவில் அழுதால் நிறுத்திவிடாதீர்கள், அழுது முடித்தால் அவருக்கு லேசாகிவிடும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். பாவம், என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்.