ஒர்வேல் ஆறு ஒளிந்த இடம்

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் ஊர்த் தலைவி இவெத் பர்தே அம்மையார் அவர்களே! மலை முகட்டைத் தாண்டி முதல்முறையாக எங்கள் விழாவுக்கு வந்திருக்கும் பிரெனோ ஊர்ப் பெரியோர்களே! ஆற்றுத்துறையில் துவைத்துத் துவைத்துத் தோள் உரமேறிய தாய்மார்களே! மரம் அறுக்கும் ஆலையின் தோழர்களே! நான் வாய் திறக்கும் முன்பே மதுக்குப்பியைத் திறந்துவிட்ட முன்வரிசை நண்பர்களே! ஷாந்த்வெர்ன் ஊரின் கொத்தனார் ஃபிர்மேன் ஒதியேயின் வணக்கம்.

என்ன சொல்கிறீர்கள் பின்னால்? சுருக்கமாகவா? நாற்பது ஆண்டுகள் சுவர் எழுப்பியவன் நான். ஒரே வரிசைக் கல்லோடு சாரத்தை விட்டு இறங்கச் சொன்னால் எப்படி ஐயா?

ஒர்வேல்! சுண்ணாம்புப் பாறையைச் சுரண்டிச் சுரண்டி நமக்கு இந்தப் பள்ளத்தாக்கைத் தந்தது எது? ஒர்வேல். துறவிகளின் மாவாலையைச் சுழற்றியது எது? ஒர்வேல். தோல் பதனிட்ட பாட்டனுக்கும் மரம் அறுக்கும் பேரனுக்கும் ரொட்டி போட்டது எது? அதே ஒர்வேல். நாற்பத்து நான்காம் ஆண்டு உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போனது. பாலமில்லாமல் வாழ்ந்தோம். ஆறில்லாமல் வாழ்ந்ததுண்டா?

சென்ற ஆண்டு ஜூன் மாதம் அதையும் வாழ்ந்தோம்.

குளிர்காலத்திலிருந்து மழையில்லை. ஒரு வியாழக்கிழமை காலை ஊர் விழித்தபோது ஆற்றின் ஓசை இல்லை. பாலத்தடியில் வெறும் கூழாங்கல். நான் கரையோடு நடந்தேன். செங்குத்துப் பாறைக்குக் கீழே, ஆறு வளையும் இடத்தில், ஒரு வண்டி இறங்கும் அளவுக்குக் குழி. அத்தனை தண்ணீரும் சுழன்று சுழன்று அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊர்த்தொட்டியில் ஐந்து நாள் தண்ணீர்தான் மிச்சம். அன்று மாலையே மன்றம் கூடியது. அடைக்க வேண்டும் என்று முழங்கியது யார்? இதோ, இந்த வாய்தான். மறுநாள் காலை நாற்பது மூட்டை சிமெண்டோடு குழிக்கரையில் நின்றேன். கலவையும் தயார். ஒரே ஒருவர் குறுக்கே வந்தார்: சொலாஞ்ஜ் வியேமே அக்கா. முப்பது ஆண்டுகள் மலையின் இரு பக்கமும் கடிதம் சுமந்து ஓய்வு பெற்றவர்.

“இந்தத் தண்ணி எங்க போகுது, ஃபிர்மேன்?”

“எங்கயோ போகட்டும்க்கா. நம்மகிட்ட இல்லைல்ல, அதான் எனக்குக் கவலை.”

“தெரியாம வாய அடைக்காத. மூணு நாள் குடு.”

மூன்று நாளா? மாடு கத்துகிறது, ஆலை நின்றுவிட்டது, இவருக்கு மூன்று நாளா? நான் அவரைத் திட்டியதை இந்த மேடையில் சொல்ல முடியாது. அக்கா மருந்துக் கடைக்காரரிடம் வாங்கி வந்த சாயப்பொடியைக் குழிக்குள் கொட்டினார். தண்ணீர் பச்சையாகச் சுழன்று மறைந்தது. பிறகு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து குழிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடிதம் கொடுக்க வந்தால் கையெழுத்து வாங்காமல் நகராதவர் அவர், உங்களுக்குத் தெரியாதா?

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நண்பகல், மலைப்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பிரெனோவின் ரொட்டிக்காரர் ரெமி கோதரோ. இதோ, மேடையில் தலைகுனிந்து சிரிக்கிறாரே, இவர்தான். நமக்கும் அவர்களுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது, பேச்சுவார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் தங்கள் பழைய தபால்காரியைத் தேடி வந்திருந்தார். கையில் ஒரு பாட்டில். உள்ளே பச்சைத் தண்ணீர்.

“மழையில்லாம வத்திக் கெடந்த எங்க ஊத்து நேத்துதான் திரும்பச் சுரந்துச்சு. இன்னிக்கு விடியக்காலைலேருந்து இப்பிடித்தான் வருது. நூத்தி நாப்பது பேருக்கு வேற தண்ணி கெடையாது. யாரைக் கேக்குறதுன்னு தெரியல, மதாம்.”

“பயப்படாத ரெமி. வெறும் சாயம், உடம்புக்கு ஒண்ணும் செய்யாது. நான்தான் போட்டேன்” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “இப்ப அடைக்கிறியா?”

அவையோரே, நான் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அன்று அவர் குறுக்கே வராதிருந்தால்? பிரெனோவில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? யார் அடைத்தார்கள் என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது!

மறுநாள் இரண்டு ஊரும் மண்வெட்டியோடு வந்தன. குழியை மூடாமல் அதன் விளிம்பில் தாழ்ந்த கல்லணை கட்டுவது, பாதித் தண்ணீர் மலைக்குள், பாதி பள்ளத்தாக்குக்கு என்பது முடிவு. அடித்தளம் தோண்டும்போது என் கடப்பாரை மரத்தில் இடித்தது. உளுத்துப்போன ஓக் முளைகள், நெருக்கி நெருக்கி அடித்தவை. நடுவே மிதித்து இறுக்கிய களிமண். மனிதன் செய்த அடைப்பு! நம் கரையிலிருந்து நம் முன்னோர் செய்தது. வேலை சுத்தமான வேலை. கொத்தனாராக மெச்சினேன், மனிதனாகக் கூசினேன்.

ரெமி குனிந்து ஒரு முளையைத் தடவிப் பார்த்தார். “எங்க ஊர்ல உங்களத் தண்ணித் திருடங்கன்னுதான் சொல்லுவாங்க. ஏன்னு எங்க தாத்தாவுக்கே தெரியாது” என்றார். அவர்கள் பாதிரியாரின் பழைய ஏட்டில், ஒரே கோடையில் ஒரு தெருவே காலியாகிப் போனதாக எழுதியிருக்கிறதாம். காரணம் எழுதவில்லையாம். காரணம் எங்கள் காலடியில் கிடந்தது.

அவர் சண்டைக்கு வரவில்லை. அந்த முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன்.

தொட்டி வற்றிய நாளிலிருந்து அணை முடியும் வரை, ஒன்பது நாள், நாம் குடித்தது யார் தண்ணீர்? பிரெனோவின் பால் வண்டிகள் ஏற்றி வந்த தண்ணீர்! பத்தாம் நாள் காலை, கூழாங்கற்களுக்கு இடையே நெளிந்து நெளிந்து ஒர்வேல் பாலத்தடிக்கு வந்து சேர்ந்தபோது ஊரே கரையில் நின்றது. கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சத்தம் கேட்கிறதா, கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கேட்டது. அன்றுதான் நான் சாப்பிட்டுவிட்டு அயர்ந்து உறங்கினேன்.

பிரெனோவின் பெருமக்களே! அந்தக் களிமண்ணை மிதித்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் எங்களவர்கள். காலியான அந்தத் தெருவுக்காக, இந்த ஊரின் சார்பில், இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன். சொலாஞ்ஜ் அக்கா, நான் திட்டியதற்கும் சேர்த்துத்தான்.

என்ன அக்கா? “உக்காரு, போதும்” என்கிறீர்களா? நீங்கள் சொன்னால் நான் கேட்காமல் இருப்பேனா?

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. மலைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே தண்ணீர் குடிக்கும் உங்கள் அத்தனை பேருக்கும் என் வணக்கம்.