பின்னால் நடக்க ஆள் வேண்டும்

மேடையின் நடுவே வீற்றிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே, அவருக்குச் சமமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் மற்ற தலைவர்களே, பெரியோர்களே, பெருமைமிகு தாய்மார்களே! முடிதிருத்துவோர் சங்கச் செயலாளரின் முத்தான வணக்கம்.

நமது மருத்துவமனைக்கு இன்னொரு மருத்துவர் கேட்டு நாளை எல்லாச் சங்கங்களும் சேர்ந்து புறப்படுகிறோம். சேர்வது என்ன லேசான காரியமா? போன ஆண்டு பிரசவ வார்டைப் பூட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. என் மகளோ நிறைமாதம். அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். பதறிப்போய் ஓட்டுநர் சங்கத்தை அழைத்தேன், தையல் சங்கத்தை அழைத்தேன், காய்கறி வியாபாரிகளை அழைத்தேன். கோரிக்கையில் வேறுபாடு உண்டா? இல்லை. கொள்கையில் உண்டா? இல்லவே இல்லை. ஊர்வலத்தின் முன்வரிசையில் யார் என்பதில்தான் மூண்டது போர்! ஓட்டுநர் தலைவர் யாருக்கும் பின்னால் வர மாட்டாராம். தையல் தலைவர் ஓட்டுநர் தலைவருக்குப் பின்னால் வரவே மாட்டாராம். கடைசியில் என்ன முடிவு? எல்லோரும் முன்வரிசை! சிரிக்காதீர்கள் ஐயா, நீங்களும் அதில் நின்றவர்தான்.

சுவருக்குச் சுவர் தெருவை அடைத்துக்கொண்டு ஒரே வரிசையாக மருத்துவமனையை நோக்கி நகர்ந்தோம். இடம் கிடைக்காத தொண்டர்கள் கோபித்துக்கொண்டு கடை வாசல்களில் நின்றுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு நாய்கூட இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. உள்ளே என் மகள் வலியில் துடிக்கிறாள். ஒதுங்குங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஒதுங்கினால் நானும் ஒதுங்குகிறேன் என்றார்கள் ஓட்டுநர் தலைவரும் தையல் தலைவரும். காருக்குள்ளிருந்து என் மனைவி தலையை நீட்டினாள்.

"ஒதுங்குறீங்களா, இல்ல தலைவருங்க எல்லாம் சேந்து இங்கயே பிரசவம் பாக்குறீங்களா?"

காய்கறிக்கார அக்கா இருவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக் காருக்குப் பின்னால் விட்டார். தலைவர்களே பின்னால் போனபின் மற்றவர்களுக்கு என்ன மானக்கேடு? கோபித்து நின்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். தெருமுனை தாண்டியும் நீண்டது ஊர்வலம். பூட்டும் கையுமாக வார்டு வாசலில் நின்ற அதிகாரி காரைப் பார்த்தார், காருக்குப் பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்தார், பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அன்று நம்மை வழிநடத்தியது யார்? ஓட்டுநர் சங்கமா? தையல் சங்கமா? முடிதிருத்தும் சங்கமா? எந்தச் சங்கத்திலும் சந்தா கட்டாத, அப்போது பிறந்தே இராத என் பேத்தி!

நாளை அவளால் வர இயலாது, பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கேட்கிறேன், பின்னால் நடக்க யார் வருகிறீர்கள்? வருகிறவரே என் தலைவர்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எனக்கு முன்னால் பேச நினைத்து, எனக்குப் பின்னால் பேசப்போகிறவர்களுக்குத் தனி நன்றி. வணக்கம்.