யார் வயிற்றுப் புழு?

— எங்குட்டுப் போய்த் தின்னீக? டாக்டரம்மா முன்னாடியே சொல்லுங்க. நான் குடுத்த கிட்னிய வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுப் பன்னிக்கறி கேட்டுச்சோ உங்களுக்கு?

— தின்னவே இல்லைங்கிறேன் மேரி. ஆப்பரேசன் ஆனதுலருந்து மோந்துகூடப் பாக்கலை.

— அப்பக் கையில புழுக்கட்டி எப்படி வந்துச்சு? நடக்கப் போறேன், நடக்கப் போறேன்னு மானகிரி வரைக்கும் போனீகளே, அங்க எந்தக் கடை?

— நடக்கத்தான் போனேன். அந்தோணியார் மேல சத்தியம்!

— அவரை எதுக்கு இழுக்குறீக? அவரு பாட்டுக்கு இருக்காரு.

— இருங்கம்மா. அருள்பிரகாசம் ஐயா, தலையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டோம். அங்க ஒண்ணும் இல்லை.

— அங்க ஒண்ணும் இருக்காது டாக்டரம்மா. கட்டுன நாள்லருந்து எனக்குத் தெரியும்.

— சிரிக்கிற விஷயம் இல்லம்மா. புதுக் கிட்னியை உடம்பு விரட்டிடக் கூடாதுன்னு எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சு வச்சிருக்கோம். இப்ப உள்ள எது வந்தாலும் தட்டிக் கேக்க ஆள் இல்லை. விட்டா மூளைக்குப் போகும், கண்ணுக்குப் போகும்.

— சேசுவே! கேட்டீகளா? நாக்கு ருசிக்கு எங் கிட்னியக் காவு குடுக்கப் பாத்தீகளே!

— ஆனா ஐயா மேல தப்பு இல்லம்மா.

— என்னது?

— வேகாத பன்னிக்கறி சாப்பிட்டா குடல்ல நாடாப்புழுதான் வளரும். இந்தக் கட்டி வேற. யார் குடல்லயோ அந்தப் புழு இருக்கு. அவங்க வெளிய போயிட்டுக் கையைச் சரியாக் கழுவாம சோத்தைத் தொட்டா, புழுவோட முட்டை இவர் வயித்துக்குப் போயிடும். அதுதான் கட்டி ஆகுது.

— பாத்தியா மேரி! அந்தோணியார் பேசிட்டாரு!

— உங்க வீட்டுல யாரு சமையல்?

— ஏ மேரி, சொல்லு! டாக்டரம்மா கேக்குறாகல்ல.

— நான்தான். பிசைஞ்சு குடுக்கிறதும் நான்தான். உப்பில்லாத சோறு, தானா வாயில வைக்க மாட்டேங்குறாகளே.

— நீங்க பன்னிக்கறி சாப்பிடுவீங்களா?

— வீட்டுல ஆக்குறதே இல்லை. பாத்தா இவுகளுக்கு ஆசை வந்துரும்னு...

— வெளிய?

— ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் தம்பி வீட்டுல. இவுகளுக்கு மாத்திரை குடுக்க ஓடியாரணும்ல? அதான் சட்டியில அரைவேக்காடா இருக்கையிலயே நாலு துண்டு...

— அடியே! சாமியார் பிரசங்கம் நீளம், நீளம்னியே!

— விடுங்க ஐயா. அம்மாவுக்கு மலப் பரிசோதனை எழுதுறேன். ரெண்டு பேருக்குமே மருந்து இருக்கு, பயப்படாதீங்க.

— மன்னிச்சிருங்க. உங்க மனசு ஏங்கக் கூடாதுன்னுதான் மறைச்சேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?

— அழாத மேரி. கிட்னியில பங்கு குடுத்தே. புழுவுலயும் பங்கு குடுத்தே. கறியில ஒரு துண்டு குடுக்க மட்டும் மனசு வரலையேடி உனக்கு!