ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல

— சத்தியம் பண்ணியிருக்கீங்க, மறந்துடாதீங்க. கப்பல் கரைக்குப் போற வரைக்கும் எந்த லிஃப்ட்டையும் நோண்ட மாட்டேன்னு.

— நான் எங்க நோண்டினேன் டீச்சரம்மா? ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, கதவோரமா சிவனேன்னு நிக்கிறேன்.

— நிக்கிற லட்சணத்தைப் பாத்தாலே தெரியுதே. முப்பத்திரண்டு வருஷமா லிஃப்ட் மெக்கானிக். நின்னுபோன லிஃப்ட்டுக்குள்ள சும்மா நிக்கிறதுன்னா உங்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

— அரிக்கல. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல நிக்குது, அவ்வளவுதான் விஷயம். விளக்கு எரியுது, காத்து வருது. விழாது. அவங்க ஆளு வந்து பாத்துக்கட்டும்.

— அட! நிஜமாவே தொட மாட்டீங்களா?

— உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். எனக்கு இருக்கறது ஒரே பொண்டாட்டி.

— அப்ப வந்து உக்காருங்க. கம்பளம் மெத்துனு இருக்கு. பாருங்க, 'சனி'ன்னு போட்டிருக்கு. தினமும் விடியறதுக்குள்ள யாரோ வந்து கிழமையை மாத்திப் போட்டுட்டுப் போறாங்க.

— கப்பல்ல இருக்கறவனுக்குக் கிழமை மறந்துடும்னு போடறான். நீ உக்காரு. நான் இப்படியே சாஞ்சுக்கறேன்.

— மதிப்பிற்குரிய பயணிகளே, வணக்கம். நான் கப்பலின் உதவி மையத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் அழைப்பு எங்களுக்குக் கிடைத்தது. உள்ளே எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

— ரெண்டு பேரும்மா. நானும் என் வீட்டுக்காரரும்.

— யாருக்காவது மயக்கம், படபடப்பு, குமட்டல் ஏதேனும் உள்ளதா?

— முதல் ரெண்டு நாள் இருந்துச்சும்மா. எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே படுத்திருந்தேன்.

— இப்போதைய நிலையைக் கேட்டேன், அம்மா.

— இப்ப நல்லா இருக்கேன். உக்காந்திருக்கேன்.

— மிக்க மகிழ்ச்சி. எங்கள் மெக்கானிக் நீச்சல் குளத்து பம்ப் வேலையில் இருக்கிறார். வருவதற்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஆகலாம். மற்ற ஐந்து லிஃப்ட்டுகளும் நல்ல முறையில் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

— அது ஓடி எங்களுக்கு என்னம்மா பிரயோஜனம்?

— காத்திருக்கும் நேரத்தில் உங்களுக்காக இனிய இசை.

— ஐயோ, வேண்டாம்மா! அம்மா! இருக்கியாம்மா?

— போட்டுட்டா.

— ஆறு நாளா இதே ட்யூன். சாப்பாட்டு ஹால்ல இது, மாடிப்படியில இது, பாத்ரூம்ல கூட இது. நேத்து தூக்கத்துல நீங்க இதைத்தான் முணுமுணுத்தீங்க.

— நானா? சேச்சே.

— தலையணையில தாளம் வேற. பொண்ணுகிட்ட மட்டும் இதெல்லாம் சொல்லிடாதீங்க. பாவம், ஆசையா டிக்கெட் போட்டுக் கொடுத்தா. அப்பாவும் அம்மாவும் ஒரு தடவையாவது கடலைப் பாக்கட்டும்னு.

— பாத்தோமே. டிவியில.

— அதுக்குத்தான் சொல்றேன், இந்தக் கப்பலுக்கு நூத்துக்கு முப்பத்தஞ்சு மார்க். ஜன்னலே இல்லாத ரூமைக் கொடுத்துட்டு, கப்பல் மூக்குல கேமரா வச்சு, கடலை டிவியில காட்டறான். மூணாவது நாள் மழை பெய்யுதுன்னு டிவியைப் பாத்துதானே தெரிஞ்சுக்கிட்டோம்?

— முப்பத்தஞ்சே ஜாஸ்தி. அந்தக் குளிக்கிற இடம் இருக்கே, நம்ம கம்பெனி சின்ன லிஃப்ட் அதைவிடப் பெருசு. நாலு பேர் ஏறலாம். குளிக்கிற இடத்துல நான் ஒருத்தன் திரும்பறதுக்குள்ள, அந்தத் திரை வந்து முதுகுல ஒட்டிக்கும். ஜில்லுனு!

— நீங்க கத்தினதுல பக்கத்து ரூம்காரங்க கதவைத் தட்டிட்டாங்க. மானம் போச்சு.

— அதை விடு. துண்டு எடுத்துத் துடைக்கலாம்னா துண்டு எங்க? துண்டெல்லாம் யானையா உக்காந்திருக்கு!

— அழகா மடிச்சு வச்சிட்டுப் போறான் அந்த ரூம் தம்பி. யானை, முயல், ஆமை. அதைப் பிரிக்க எப்படிங்க மனசு வரும்?

— உனக்கு மனசு வரல. நான் ஆறு நாளா சட்டையில துடைக்கிறேன்.

— சிரிக்காதீங்க. எனக்கும் சிரிப்பு வருது. அன்னிக்கு பக்கத்து நடையில போய் எவளோ ஒருத்தி ரூமைத் திறக்கப் பாத்தீங்களே, அதுக்கு எத்தனை மார்க் போடறது?

— எல்லா நடையும் ஒரே மாதிரி இருந்தா மனுஷன் என்ன பண்ணுவான்? கம்பளத்துல இருக்கற மீன் எந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டுதோ அதுதான் கப்பலோட முன்பக்கம்னு சொன்னாங்க. நான் மீனைப் பாத்துக்கிட்டே குனிஞ்சு போனேன். நம்பர் பாக்கல. அதான் விஷயம்.

— அந்தம்மா போட்ட கூச்சலு! "என்னங்க, யாரோ வந்து கார்டைத் தேய்க்கிறாங்க"ன்னு. கடைசியில பாத்தா நம்ம பதினோரு கப்பல்காரர் சம்சாரம்.

— அந்த ஆளை ஞாபகப்படுத்தாதே. எட்டு பேர் உக்கார்ற மேஜையில நம்மளை அவன் பக்கத்துலயே போட்டான் பாரு. "இது எங்களுக்குப் பதினோராவது கப்பல் சார். ஏழாவது கப்பல்ல என்ன ஆச்சு தெரியுமா?" நமக்கெதுக்குய்யா ஏழாவது கப்பலு? காலையில ஆறு மணிக்கே மேல்தளத்துல போய் எல்லா நாற்காலியிலயும் துண்டு போட்டுட்டு வந்துடறான்.

— அவருக்கு மட்டும் துண்டு எங்கேருந்து கிடைக்குது?

— அவன் யானையைப் பிரிக்கிறான் டீச்சரம்மா. இரக்கமே இல்லாதவன்.

— ஐயோ, வயிறு வலிக்குது. போதும். இருங்க, மூச்சு விட்டுக்கறேன்.

— விட்டுக்கோ, விட்டுக்கோ. நேரம் இருக்கு.

— என்னங்க.

— ம்.

— ஆறு நாள்ல, நாம ரெண்டு பேரும் தனியா இப்படிப் பேசறது இதுதான் முதல் தடவை.

— ஆமா. இன்னிக்குத்தான்.

— நாளைக்குக் காலையில இறங்கிடுவோம்.

— ஆமா.

— உங்க கண்ணாடிக் கூடுல நாலா மடிச்சு ஒரு லெட்டர் இருக்கு. முதல் நாள் மாத்திரை தேடறப்பப் பாத்தேன். படிச்சுட்டேன்.

— ...முதல் நாளேவா?

— முதல் நாளே. ரிட்டயர் ஆகாம இன்னும் மூணு வருஷம் வேலையில இருக்கச் சொல்றாங்க உங்க கம்பெனிக்காரங்க. அந்தப் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்து லிஃப்ட் மொத்தமும் உங்க பொறுப்பு. கரை இறங்கினதும் பதில் சொல்லணும். எழுத்துப் பிழை ரெண்டு இருந்துச்சு.

— தெரிஞ்சும் ஏன் கேக்கல?

— எப்பங்க கேக்கறது? அன்னிக்கே கேக்கலாம்னு வாயைத் திறந்தேன், ஆபத்து ஒத்திகைன்னு ஊதல் ஊதிட்டான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு, கழுத்து திரும்பாம, எதிர்ல இருக்கற மொட்டைத் தலையைப் பாத்துக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னேன். அப்புறம் குமட்டல். ராத்திரி ரூமுக்கு வந்தா, படுத்த உடனே உங்க குறட்டை. அப்புறம் ஊர் சுத்திக் காட்டறேன்னு பஸ்ல ஏத்தி, ரெண்டு மணி நேரம் உங்களை முன் சீட்டுல என்னைப் பின் சீட்டுல. சாயங்காலம் ஓரமா நின்னு பேசலாம்னு உங்க தோளைத் தொட்டேன், போட்டோக்காரன் பாஞ்சு வந்து "இப்படியே நில்லுங்க, சிரிங்க"ன்னுட்டான்.

— அந்த போட்டோவுல நீ அழற மாதிரி இருக்கே.

— அழற மாதிரி இல்ல. அழுதேன்.

— ...நானும் சொல்லணும்னுதான் இருந்தேன். நேத்து விடியக்காலம் மேல போய் உனக்கும் எனக்கும் ரெண்டு நாற்காலி பிடிச்சேன். உன்னைக் கூப்பிட வந்து திரும்பிப் போனா, அங்க பதினோரு கப்பல் படுத்திருக்கு.

— சொல்லணும்னு இருந்தா ரூம்ல சொல்லியிருக்கலாமே.

— ஜன்னல் இல்லாத ரூம்ல அதைச் சொல்ல மனசு வரல.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க. பல வருஷம் முன்னாடி ஒரு நாள், உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு அந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு வந்தேன். உள்ள ஒரு பொம்பளை மாட்டிக்கிட்டு அழுதுட்டிருந்தா. நீங்க தரையில குப்புறப் படுத்து, கதவு இடுக்குல வாயை வச்சுப் பேசறீங்க. "பயப்படாதீங்கம்மா. இன்னிக்கு என்ன சமைச்சீங்க? பையன் என்ன படிக்கிறான்? உங்களுக்குச் சொந்த ஊரு எது?" முக்கால் மணி நேரம். அவ சிரிக்கவே ஆரம்பிச்சுட்டா.

— அது வேலை. உள்ள இருக்கறவங்க பதறாம இருக்கணும்.

— எனக்குக் கோபம் வரலீங்க. பொறாமைதான் வந்துச்சு. என்ன சமைச்சேன்னு என்கிட்ட ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? வீட்டுக்கு வந்தா "ம்". கேட்டா "ம்ம்". அதுவும் போன் அடிக்கிற வரைக்கும்தான். நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. நாப்பது பிள்ளைங்க சத்தத்துல இருந்தவ. இப்ப வீட்ல ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும் கேக்குது. இன்னும் மூணு வருஷம் அதைக் கேட்டுக்கிட்டு உக்கார என்னால முடியாதுங்க. இதைச் சொல்லத்தான் ஆறு நாளா அலையறேன்.

— பயந்தவங்ககிட்டப் பேசத்தான் எனக்குத் தெரியும். நீ எதுக்கும் பயந்ததே இல்லையே. உன்கிட்ட நான் என்னத்தைப் பேசுவேன்? வேலையை விட்டுட்டு வந்து, உன் எதிர்ல உக்காந்து, ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணுமே இல்லைன்னா? அந்த பயத்துலதான் லெட்டரை மடிச்சு வச்சேன்.

— நான் பயந்துட்டுத்தான் இருக்கேன். இப்பப் பேசுங்க.

— என்ன விளையாட்டு இது?

— பேசுங்கன்னா பேசுங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க. இந்தப் பக்கம் நான்.

— ம்... அம்மா, உள்ள யாரு? நான் லிஃப்ட் மெக்கானிக் பேசறேன்.

— நான் ஒரு டீச்சருங்க.

— பயப்படாதீங்க டீச்சர். உள்ள விளக்கு எரியுதா?

— எரியுது. வீட்ல ஆள்தான் இல்ல.

— வீட்டுக்காரர் எங்க?

— போன் வந்துச்சு. பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடிட்டாரு.

— மடையன். நீங்க எத்தனை நேரமா மாட்டிக்கிட்டு இருக்கீங்க?

— ரெண்டு வருஷமா.

— ...இன்னிக்கு என்ன சமைச்சீங்க?

— யோவ். கப்பல்ல யாரு சமைக்கிறா?

— அழாதே. அழாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். எங்கேயும் போக மாட்டேன்.

— அதை எல்லார்கிட்டயும்தானே சொல்வீங்க?

— எல்லார்கிட்டயும் சொல்வேன். கதவு திறந்ததும் அடுத்த கட்டடத்துக்குப் போயிடுவேன். உன்கிட்ட சொன்னா அப்புறம் போக முடியாது. அதனாலதான் இத்தனை நாள் சொல்லல. இப்ப சொல்லிட்டேன். நாளைக்கு இறங்கினதும் அவங்களுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்.

— நிஜமாவா?

— நிஜமா. ஆனா ஒண்ணு, வீட்ல எனக்கு மார்க் போடக்கூடாது.

— ரொம்ப சந்தோஷம் சார்! ரொம்ப ரொம்ப சந்தோஷம்!

— யாரது? நீ இன்னும் லைன்லதான் இருக்கியாம்மா?

— மன்னிக்கவும். லிஃப்ட்டில் பயணிகள் இருக்கும் வரை லைனைத் துண்டிக்கக் கூடாது என்பது விதி. அதோட, கட் பண்ண மனசு வரலீங்க. என் வீட்டுக்காரரும் வேற கப்பல்லதாங்க வேலை பாக்கறாரு. அவரும் "ம்"தான்.

— மூக்கைத் துடைச்சுக்கோம்மா. அந்த இசையை எப்ப நிறுத்தினே?

— அம்மா லெட்டரைப் பத்திச் சொன்னப்பவேங்க. ஒரு நிமிடம்... மதிப்பிற்குரிய பயணிகளே, மெக்கானிக் வந்துவிட்டார். மோட்டாரில், வயரில் எந்தக் கோளாறும் இல்லை என்கிறார். ஏன் நின்றது என்று அவருக்கே புரியவில்லையாம். அவரிடம் பேசிவிட்டு வருகிறேன். ஒரு நிமிடம் லைனை மூடி வைக்கிறேன்.

— என்னங்க. அவ வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது.

— சொல்லு.

— அந்தாளு பாவம், தேடிட்டு இருக்காரு. லிஃப்ட்டுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் நிறுத்தினேன். நீங்க அந்தப் பக்கம் பாத்தப்ப அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கிட்டேன். உங்களை எங்கயாவது பூட்டி வச்சுப் பேசலாம்னா இந்தக் கப்பல்ல வேற இடமே இல்ல.

— அந்தச் சிவப்புப் பட்டனா?

— ஆமா. தப்புதான். பச்சைப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினவ பண்ற காரியமா இது?

— டீச்சரம்மா, முப்பத்திரண்டு வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கே. அது மணி. அதை அமுக்கினா அந்தப் பொண்ணு பேசும். லிஃப்ட் நிக்காது.

— விளையாடாதீங்க. நான் அமுக்கினதும் டக்குனு நின்னுச்சே! அப்ப இதை நிறுத்தினது யாரு?

— கதவை ஒரு விரல் அளவு விலக்கிப் பிடிச்சா எந்த லிஃப்ட்டும் நின்னுடும். அரை மணி நேரமா முதுகுக்குப் பின்னால பிடிச்சு விரலே மரத்துப் போச்சு, விட்டுடட்டுமா, இல்ல இன்னும் கொஞ்சம் பேசணுமா?